ஊருக்குச் சொன்ன காமாலை

எனக்கு வந்தது மஞ்சள் காமாலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம்கூட ஒரு பெரியம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "இப்ப தெளிஞ்சிடுச்சுபா, கீழாநெல்லிய மட்டும் வுட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். பழக்கதோஷம்.

எனக்கு வந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் மனச்சோர்வு. டிப்ரெஷன் என்றும் சொல்கிறார்கள். சோர்வு என்றதும் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்தப் பெயரை வைத்தவர் அந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அது வந்தவனுக்குத் தூக்கமே வராது. பசிக்காது. பெற்ற மகள் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால், அவள் வாய் அசைவது தெரியும், சந்தோஷம் மட்டும் வராது. கடைசியில், நாம் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு பாரம் குறையும் என்ற நினைப்பு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். என்னோடு அது பல மாதம் உட்கார்ந்திருந்தது.

என் பெயர் தேசப்பன். பழவேற்காடு ஏரியில் இறாலும் நண்டும் பிடிப்பது எங்கள் தொழில். மனைவி கஸ்தூரி பழவேற்காடு சந்தையில் கூடை வைத்து மீன் விற்கிறாள். ஒரே மகள் பவானி ஒன்பதாவது படிக்கிறாள். படகில் எனக்குக் கூட்டாளி ஏழுமலை. கஸ்தூரிக்குப் பெரியம்மா மகன், எனக்கு மச்சான் முறை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எதனால் வந்தது என்று இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். கடனா, குடியா, வீட்டில் சண்டையா என்று. எனக்கும் தெரியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் வலையை இழுத்துக்கொண்டிருந்தேன். நல்ல இறால். ஏழுமலை பாட்டுப் பாடிக்கொண்டு பொறுக்கினான். எனக்கு அந்த இறாலைப் பார்த்தால் மண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது என்றுதான் சொல்ல முடியும். காரணம் இருந்தால்தான் காய்ச்சல் வருமா என்று பிற்பாடு ஒரு டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் பாதி மருந்து.

பொழுது விடியுமுன் விழிப்பு வந்து, திரும்பத் தூக்கம் வராமல் கிடப்பது இந்த நோய்க்கு ஓர் அடையாளமாம். இது எங்களிடம் எப்படித் தெரியவரும்? மீன்பிடிக்கிறவன் வீட்டில் எவன் விடிந்தபின் எழுந்தான்? நான் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கஸ்தூரி, "இன்னிக்கு சீக்கிரமே ரெடியாய்ட்ட" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். நான் ரெடியாகவில்லை. தூங்கவே இல்லை.

பிறகு நான் ஏரிக்குப் போவதை நிறுத்தினேன். இங்கேதான் காமாலை வந்தது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் முறை வைத்துத்தான் இறங்குவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உடம்பு முடியாதவனுக்குப் பாடு வந்தால், கூட்டாளிகள் இறங்கி அவன் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். காய்ச்சல், கால்முறிவு, காமாலை எதுவானாலும் செல்லும். மனசு சரியில்லை என்றால் செல்லுமா என்று யாருக்கும் தெரியாது. இதுவரை யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுபோல இருந்தது. புத்தி கலங்கினவனை எவன் படகில் ஏற்றுவான், முகத்துவாரத்தில் நீர் இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவனை நம்பித்தானே நிற்கிறோம் என்பார்கள். பாடு போய்விடும். நாளைக்குப் பவானிக்கு ஒரு இடம் பார்க்கும்போது, "அவ நைனாவுக்குத்தான்…" என்று இழுப்பார்கள்.

ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது கஸ்தூரி, "காமாலைனு சொல்றாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். நான் சரி என்றேன். எனக்கு அப்போது எதைக் கேட்டாலும் சரிதான்.

அந்தப் பொய் மாதிரி ஒரு பொய்யை நான் பார்த்ததில்லை. அவ்வளவு பொருத்தம். சாப்பிடவில்லையா, காமாலை. படுத்தே கிடக்கிறானா, காமாலை. வெயிலில் வர மாட்டேன் என்கிறானா, யாரோடும் பேசவில்லையா, எடை இறங்கிவிட்டதா, எல்லாம் காமாலை. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் ஊருக்கோ என்னிடம் கண்டதெல்லாம் காமாலை.

ஊர் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மோர் கொடுத்தனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் கரும்புச்சாறு. காட்டூர்ப் பக்கத்து வரப்புகளில் தேடி யாரோ ஒரு கட்டுக் கீழாநெல்லி பறித்துவந்தார்கள். எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது, மீன் வாசனையே ஆகாது என்று சொல்லி, எங்கள் பக்கமாக மீன் கூடையைக்கூட எடுத்துவராமல் சுற்றிப் போனார்கள். அவனுக்கு ஓய்வு வேண்டும், பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று பிள்ளைகளை அதட்டினார்கள். மீன்காரன் ஒருவனை மீன் இல்லாமல், ஏரி இல்லாமல், பேச்சு இல்லாமல் ஓர் இருட்டறையில் படுக்கவைத்தார்கள். எல்லாம் பாசத்தில் செய்தது. எனக்குள் இருந்த நோய்க்கு இதைவிட நல்ல தீனி கிடைத்திருக்காது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, யார்மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை.

கஸ்தூரி பாவம், ரகசியமாக வைத்தியமும் பார்த்தாள். பவானிக்குப் பல் காட்டப்போகிறோம் என்று சொல்லி என்னைச் சென்னையில் ஒரு தனியார் இடத்துக்கு அழைத்துப்போனாள். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், சத்து ஊசி போட்டார்கள். உட்கார்ந்திருந்த கூடத்தில் குளிர்சாதனம், மீன்தொட்டி, தொட்டியில் தங்க நிறத்தில் நாலு மீன். "இதெல்லாம் கொழம்புக்கு ஆவாது" என்று கஸ்தூரி என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து ரசீதைப் பார்த்தவள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்து மந்திரித்துக் கயிறு கட்டினாள். கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அவள் கட்டியது என்பதால் அறுக்கவில்லை.

அடுத்த மழை நெருங்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எப்படி, எங்கே என்று எழுதப்போவதில்லை. அது படிக்கிறவர்கள் யாருக்கும் உதவாது. முடிவெடுத்த பிறகு மனசு லேசாகிவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். அது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். ரொம்ப நாள் இடிந்துகிடந்தவன் திடீரென்று தெளிந்த முகத்தோடு எழுந்து வந்தால், உடனே சர்க்கரைப் பொங்கல் வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேளுங்கள்.

நான் அப்படி எழுந்து குளித்தேன். வலைகளை எல்லாம் அடுக்கிவைத்தேன். ஏழுமலையைக் கூப்பிட்டு, "இனிமே என் பாட்ட நீயே வெச்சுக்க மச்சான், பங்க மட்டும் கஸ்தூரி கையில குடு" என்றேன். என்னுடைய வலை ஊசியையும் அவனிடம் கொடுத்தேன். மூங்கிலில் செதுக்கியது, கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருக்கும். எங்கள் தொழிலில் வலை ஊசியை ஒருவன் இன்னொருவனுக்கு இரவல்கூடத் தர மாட்டான். ஏழுமலை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். பிறகு, "ஒடம்ப பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்னைக் காப்பாற்றியது குளோரின். சிரிக்காதீர்கள், உண்மை.

மறுநாள் காலையில் சுகாதார நர்ஸ் ஒருவர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். ஒரு ஆளுக்கு இத்தனை மாதமாகக் காமாலை தீரவில்லை என்ற செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. குடிதண்ணீரில் கோளாறு இருக்கும், ஊருக்கே பரவும் என்று பதறி, தண்ணீர்த் தொட்டியில் குளோரினைக் கொட்டிவிட்டார்கள். இரண்டு நாள் ஊர் முழுக்க அந்த வாசனையில்தான் சோறு தின்றது. நர்ஸ் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க ரத்தம் எடுக்கணும், பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். கஸ்தூரி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். அவர் கையோடு அழைத்துப்போய்விட்டார்.

காமாலை என்றால் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ஏறியிருக்க வேண்டும். ஈரல் சரியாக வேலை செய்யாதபோது அது ஏறும், கண்ணில் தெரியும். எனக்கு அது இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முடிவைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார், பிறகு கஸ்தூரியைப் பார்த்தார்.

"காமாலைன்னு யாரும்மா சொன்னது?"

கஸ்தூரி தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி, கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்று கேட்டார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"அண்ணா, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

அதுவரை ஒருவரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பு இல்லாதவனுக்கும் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி வராதாம், கேட்டால் பாரம்தான் இறங்குமாம், டாக்டரம்மா அப்புறம் சொன்னார். எனக்கு இறங்கியது. "ஆமாம்மா" என்றேன். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். கஸ்தூரி அழவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை விடவில்லை.

"எங்க ரெண்டு பேரையும் வுட்டுட்டு பூடலாம்னு பாத்தியா" என்று, சென்னைக்கு எங்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸில் ஒரு தடவை கேட்டாள். பிறகு அவளே, "நீ இன்னாயா பண்ணுவ, நோவு அப்படி" என்று சொல்லிக்கொண்டாள்.

டாக்டரம்மா எங்களை வீட்டுக்கு விடவில்லை. நாளைக்கு வருகிறோம் என்று கஸ்தூரி கெஞ்சியபோது, "இது நெஞ்சு வலி மாதிரிம்மா, நாளைக்குன்னு தள்ளக் கூடாது" என்றார். எந்த நேரத்திலும் காசில்லாமல் பேசலாம் என்று அரசாங்கத்து உதவி எண் ஒன்றைச் சீட்டில் எழுதி, கஸ்தூரியின் போனிலும் பதிந்து கொடுத்தார். பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள் மனநல டாக்டர் வருவார், ஆனால் இன்றைக்கு அந்த நாள் இல்லை என்று சொல்லி, சென்னைப் பெரியாஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் செய்து ஆளோடு அனுப்பிவைத்தார்.

மனநல வார்டு என்றதும் எனக்குச் சங்கிலியும் இரும்புக் கதவும்தான் கண்ணில் வந்தன. போய்ப் பார்த்தால் வரிசையாகக் கட்டில், மேலே காற்றாடி, ஒரு மூலையில் கேரம் போர்டு. ஒரு பேங்க்காரர் இருந்தார். ஒரு கல்லூரி வாத்தியார் இருந்தார். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சரக்கு லாரி ஓட்டுகிறவர், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். நான் சேர்ந்த பிறகு ஒரு நாள் என் பக்கம் திரும்பி, "மீனவரா நீங்க, வஞ்சிரம் இப்ப என்ன விலை?" என்றார். அதைக் கேட்டு நர்ஸ் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார். அவர் பேசி ரொம்ப நாளாகியிருந்ததாம். ஏரி மீனவனிடம் வஞ்சிர விலை கேட்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எரிச்சல் வந்ததும் ஓர் ஆச்சரியம், ஏதோ ஒன்று உள்ளே அசைகிறதே என்று.

தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி, அது மந்தமாகிவிட்டாலும் ஆள் இப்படிச் சுருண்டுவிடுவானாம், அதற்காக ஒரு ரத்தப் பரிசோதனை. மாத்திரை இதயத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஈசிஜி. ஒவ்வொரு இடத்திலும் கஸ்தூரி முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டு, "எவ்ளோங்க?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்லம்மா, நகருங்க" என்பார்கள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சும்மா குடுக்கறது வேல செய்யுமா சிஸ்டர்?"

"நீ வாங்கற மூச்சுக்காத்துக்குக் காசு குடுக்கறியா? அது வேலை செய்யலை?" என்று நர்ஸ் கேட்டதில் கஸ்தூரி வாயடைத்துப்போனாள். சந்தையில் இத்தனை வருஷமாக யாரும் செய்யாத காரியம் அது.

மாத்திரை போட்டதும் மறுநாள் பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அது உள்ளே பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை வாய் உலரும், தலை கனக்கும், பாதியில் நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரவுகள்தான் கொடுமை. விளக்கை அணைத்ததும் பழைய நினைப்பு வந்து கட்டில் ஓரத்தில் உட்காரும். வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பது டாக்டர் உத்தரவு. கஸ்தூரி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பாள். "வந்துடுச்சு" என்பேன். "வந்தா வந்துட்டு போவட்டும், நான் கீறேன்" என்று காலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவாள். வியாபாரத்தை விட்டு, பவானியை ஏழுமலை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். பவானி போனில் தினமும், "நைனா, இட்லி சாப்ட்டியா?" என்பாள். அவளுக்கு அப்போதும் காமாலை என்றுதான் சொல்லியிருந்தோம். இட்லி எனக்கு ஆகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே மழை. வாடைக்காற்று திரும்பிவிட்டதே, இப்போது இறால் இறங்குமே என்று நினைத்தேன். நினைத்தது நான்தான் என்று உணரக் கொஞ்ச நேரம் ஆனது. கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

வீடு திரும்பியபின் மாதம் ஒரு தடவை பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மனநல டாக்டர் வரும் நாளில் போனேன். அறைக்கு வெளியே பெஞ்சு, மேலே ஒரு மின்விசிறி. மின்விசிறிக்கு நேர் கீழே, மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தவன் ஏழுமலை.

என்னைப் பார்த்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "நூல் வாங்க வந்தேன்" என்றான்.

"இங்க இன்னா நூல் விக்கறாங்க மச்சான்?" என்றேன்.

மூன்று வருஷமாக அவன் இங்கே வருகிறானாம். வலைக்கு நூல் வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவது. மாத்திரை வாங்கிய கையோடு சாட்சிக்கு ஒரு கண்டு நூலும் வாங்கிப்போவது. அவன் வீட்டுப் பரணில் ஊருக்கே வலை பின்னும் அளவுக்கு நூல் கிடப்பது எனக்குத் தெரியும். பேராசைக்காரன் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் இருந்த பையைச் சுருட்டிக்கொண்டே அவன் பேசினான்.

"நீ ஊசிய குடுத்த அன்னிக்கே எனக்கு தெரிஞ்சிடுச்சுடா. காமாலைக்காரன் எவன்டா ஊசிய குடுப்பான்? நானும் அந்த நெலமையில இருந்தவன்தான். அன்னிக்கு சாயங்காலம் உன் வாசல் வரிக்கும் வந்தேன். கஸ்தூரி கஞ்சி ஆத்திகினு இருந்துச்சு. பொன்னேரில டாக்டர் கீறாரு, காசு கெடையாதுனு சொல்ல வாயெடுத்தேன். ஒனக்கு எப்படி தெரியும்னு கேட்டா இன்னா சொல்றது? காமாலை எப்படி கீதுனு கேட்டுட்டு திரும்பிட்டேன்."

அவன் சட்டைப் பையில் என் வலை ஊசி இருந்தது. எடுத்துக் கொடுத்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அதே பெஞ்சில் ஒருவருக்கும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தவன்தானே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது என் குடும்பம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர், இடம், கிழமை எல்லாம் தெரிந்த ஆள் படுத்திருந்தான். நான் புரண்ட சத்தம்கூட அவனுக்குக் கேட்டிருக்கும்.

ஊர்த் தலைவரிடம் நானும் ஏழுமலையும் போய் உண்மையைச் சொன்னோம். பாடு போனாலும் போகட்டும் என்றுதான் போனோம். அவர் கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். "நோவுனா நோவுதானே. இதுக்கு பங்கு இல்லனு எவன் சொன்னான்? கேட்டாத்தானே" என்றார். எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நான் சொன்னதும் கஸ்தூரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேயா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் மீன் நறுக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு அதைச் சொல்வாள். நான் அவளைத் தேற்றுவதில்லை. எனக்கும் அதே எரிச்சல்தான்.

இப்போது நானும் ஏழுமலையும் ஒரே பஸ்ஸில் போகிறோம். போன மாதம் பழவேற்காட்டில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்துக் குப்பத்துச் சரோஜா அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். நண்டு வியாபாரம் செய்கிறவர், கஸ்தூரிக்குச் சந்தையில் பக்கத்துக் கூடை.

"இன்னா ஏழுமல, நூல் வாங்கவா?"

ஏழுமலை வழக்கம்போல, "ஆமாக்கா" என்றான். எனக்கு அது பொறுக்கவில்லை.

"இல்லக்கா. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு பேரும் மனசுக்கு மாத்திர சாப்புடறோம்" என்றேன்.

ஏழுமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்காவும் முன்னால் திரும்பிக்கொண்டார். திருப்பாலைவனம் தாண்டிய பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"அங்க காசு கேப்பாங்களாபா?"

"ஒண்ணியும் கேக்க மாட்டாங்கக்கா."

"எம் பொண்ணு புள்ள பெத்து ஊட்டோட வந்துகீது. கொழந்தைய தூக்க மாட்டேங்குது. சோறு துன்ன மாட்டேங்குது. ஊர்ல காமாலைனு சொல்லி வெச்சிருக்கேன்."

"கண்ணு மஞ்சளா கீதா?" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

"நான் இல்லாம பூட்டா நல்லாருக்கும்னு எதுனா சொல்லுதா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நேத்து ராத்திரி சொல்லுச்சு. கொழந்தைய நீ வளத்துக்கோமானு."

"இப்ப யாரு கூட கீது?"

"தனியாத்தான்…"

நான் எழுவதற்குள் ஏழுமலை எழுந்துவிட்டான். "ஓல்டான்" என்று ஒரு சத்தம். ஏரியில் எதிர்க்காற்றில்கூட அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. டிரைவர் பயந்துபோய் வயலோரமாக நிறுத்தினார். கண்டக்டர் திட்டத் திட்ட மூன்று பேரும் இறங்கினோம். அக்கா பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, நாங்கள் வரும்வரை அவளோடு இருக்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் வந்த மீன் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினோம்.

அக்காவின் வீட்டுக்குப் போய் மகளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, ஓ.பி. மூடுவதற்குள் பொன்னேரிக்கு வந்துவிட்டோம். அந்தப் பெண் ஏழுமலையின் தோளில் சாய்ந்தபடி நின்றாள், குழந்தை என் கையில். சீட்டு எழுதும் ஜன்னலில் சரோஜா அக்கா பேரும் வயசும் சொன்னார். சீட்டு எழுதுகிறவர், "என்ன உடம்புக்கு?" என்றார்.

"காமா…" என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினார். திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வரிசையில் பின்னால் எங்கள் ஊர் ஆட்களே இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"மனசு சரியில்லைங்க. சாவணும்னு சொல்லுது" என்றார்.

எழுதுகிறவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார். "நீங்க லைன்ல நிக்க வேணாம், நேரா போய் இடது பக்கம், வாங்க காட்றேன்" என்றார். வரிசை விலகி வழி விட்டது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவுதான். இதைச் சொல்லப் பயந்துதான் நான் ஒரு வருஷம் இருட்டில் கிடந்தேன்.